ஹார்டுவிக் மாளிகையின் பொய் ஜன்னல்கள்

கல்தச்சன்: இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள ஹார்டுவிக் மாளிகையில் சில ஜன்னல்களுக்குப் பின்னால் சுவர் இருப்பதற்கு ஜன்னல்களின் எண்ணிக்கையைப் பார்த்து வீடுகளுக்கு விதித்த ஜன்னல் வரிதான் காரணம் என்று நேற்று கோட்டைவாசல் எழுதியதைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. மாளிகை எழுந்தது 1590களில். வரி வந்ததோ 1696இல். நூறாண்டு கழித்து வரப்போகும் வரிக்கு அஞ்சி, மாளிகையைக் கட்டுவித்த ஷ்ரூஸ்பரி சீமாட்டி எலிசபெத் முன்கூட்டியே சுவர் எழுப்பினார் போலும்!

கோட்டைவாசல்: கட்டும்போதே அடைத்தார்கள் என்று நான் எங்கே எழுதினேன்? 1851இல் வரி நீங்கும்வரை இங்கிலாந்தில் எத்தனையோ வீடுகளில் ஜன்னலை அடைத்தார்கள். இங்கும் பிற்காலத்தில் அடைத்திருக்கலாமே.

கல்தச்சன்: 'அடைத்திருக்கலாமே' என்பது சான்று ஆகாது. வெளிச்சுவர் முழுவதையும் கண்ணாடிக்கு விட்டுக்கொடுப்பதற்காகவே புகைபோக்கிகளை உட்சுவர்களுக்குள் கொண்டுபோனார்கள். அப்படியும் சில இடங்களில் ஜன்னலுக்குப் பின்னாலேயே புகைபோக்கி அமைந்துவிட்டது. முகப்பின் ஒருபுறம் ஜன்னல் இருந்தால் மறுபுறமும் இருந்தாக வேண்டும் என்பதால், உள்ளே வெளிச்சம் புகாவிட்டாலும் வெளியே ஜன்னலை வைத்தார்கள். வெளியே ஒரே ஜன்னலாகத் தெரிவது உள்ளே இரண்டு தளங்களுக்குப் பொதுவாக இருப்பதும் அங்கே உண்டு. இது வரியால் வந்த வினையா?

சாரப்பலகை: அப்படியானால் 'ஹார்டுவிக் மாளிகை, சுவரைவிடக் கண்ணாடி மிகுதி' என்னும் பழைய சொலவடை என்ன ஆயிற்று? பின்னால் சுவர் உள்ள கண்ணாடியை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அதற்கு விடை சொல்லிவிட்டு, இதை வடிவமைத்தவர் என்று சொல்லப்படும் ராபர்ட் ஸ்மித்சனின் பெருமையைப் பாடுங்கள்.

கல்தச்சன்: நான் ஸ்மித்சனின் பெயரையே எடுக்கவில்லை. வொல்லாட்டன் மாளிகையைப் பற்றிய விவாதத்தில் அந்த மாளிகையின் கட்டடக் கலைஞர் என்று அவரைச் சொல்லும் கல்லறை வாசகத்தைக் காட்டியபோது நீங்கள் வாயடைத்துப் போனது இன்னும் உறுத்துகிறது என்று தெரிகிறது.

சாரப்பலகை: வொல்லாட்டனுக்குக் கல்லறை சான்று, ஹார்டுவிக்குக்கு அவருடைய வரைபடங்களோடு உள்ள ஒற்றுமையை வைத்துச் செய்யும் ஊகம்தானே? கோபுர உச்சிகளில் கல்லில் நிற்பவை 'ஈ', 'எஸ்' என்னும் சீமாட்டியின் முதலெழுத்துகள். ஸ்மித்சனுடையவை அல்ல.

கல்தச்சன்: பணம் கொடுத்தவர் தம் பெயரைப் போட்டுக்கொள்வதில் என்ன வியப்பு? மாடிக்கு மாடி ஜன்னலின் உயரத்தைக் கூட்டி, விருந்தினரை வரவேற்கும் பெருங்கூடத்தை மேல்தளத்தில் வைத்த கணக்கு வடிவமைத்த தச்சனுடையது.

கோட்டைவாசல்: என் கேள்வி அப்படியே நிற்கிறது. பொய் ஜன்னல் ஒவ்வொன்றின் பின்னாலும் புகைபோக்கிதான் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தீரா?

கல்தச்சன்: எண்ண வேண்டியவர் வரி என்று சொன்னவர். மீண்டும் எழுதுகிறேன்: 1696.