"டா" போட்ட போலீஸ்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

ஹீரோஹோண்டா_2004

போன மாசம், ராத்திரி பதினொன்னே கால். ஷிஃப்ட் முடிஞ்சு வந்துட்டிருந்தேன். பாலம் இறங்குற இடத்துல பேரிகார்டு, நாலு பேர் நிக்கிறாங்க. ஊர் பேரும் ஸ்டேஷன் பேரும் வேண்டாம்.

"ஓரங்கட்டு." ஓரங்கட்டினேன். நான் சாவியைத் திருப்புறதுக்குள்ள அவரே கையை விட்டு உருவிட்டார். "ஊது." ஊதினேன், மெஷின்ல சைபர். அதுல அவருக்கு ஒரு ஏமாற்றம் வந்த மாதிரி எனக்குத் தோணுச்சு. "லைசென்ஸ் எங்கடா?"

எனக்கு வயசு 43. மூத்த பொண்ணு பத்தாவது படிக்கிறா. கேட்டவருக்கு மிஞ்சிப் போனா 27, 28 இருக்கும். போன்ல டிஜிலாக்கரைத் திறந்து காட்டினேன். "போனைக் காட்டாத, ஒரிஜினல் எங்க?" டிஜிலாக்கர்ல இருக்கிற லைசென்ஸும் ஆர்.சி.யும் ஒரிஜினலுக்குச் சமம்னு மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2018லயே சொல்லியாச்சு. அதைச் சொன்னேன். "என்னடா ரூல்ஸ் பேசுற?"

பேர் பார்க்கலாம்னு நெஞ்சைப் பார்த்தேன். மேல மாட்டியிருந்த ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் பேட்ஜை மறைச்சிருந்தது. கைது செய்றவங்களும் விசாரிக்கிறவங்களும் பேரும் பதவியும் தெளிவாத் தெரியுற மாதிரி பேட்ஜ் போட்டிருக்கணும்னு டி.கே. பாசு வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லி கால் நூற்றாண்டுக்கு மேல ஆச்சு. அதை அந்த நேரத்துல சொல்ற அளவுக்கு எனக்குத் தெம்பு இல்ல. ஒன்னே ஒன்னு சொன்னேன்: "சார், ஃபைன்னா எழுதுங்க, கட்டிடறேன். 'டா' மட்டும் வேண்டாம் சார்."

ஒரு நிமிஷம் யாரும் பேசல. டீ கிளாஸோட தள்ளி நின்ன எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்) எங்க பக்கம் திரும்பிப் பார்த்தார். என்னை நிறுத்தினவர் சாவியை என் கையில வச்சுட்டு, எங்கேயோ பார்த்துக்கிட்டு, "பார்த்தாச்சு. வண்டியை எடுக்கலாம்" அப்படின்னார்.

"எடு"வும் இல்ல, "எடுங்க"வும் இல்ல. "எடுக்கலாம்." வீடு வர்ற வரைக்கும் அதையே யோசிச்சுக்கிட்டு வந்தேன். "ங்க" கொடுக்க மனசு வரல, "டா" போடவும் முடியல. நடுவுல ஒரு சந்து கண்டுபிடிச்சுப் புகுந்துட்டார்.

உங்களுக்கு இப்படி நடந்திருக்கா? திருப்பி ஏதாவது சொன்னீங்களா, பேசாம வந்துட்டீங்களா?


பின்னலாடைக்காரி

எங்க பக்கம் சண்டை புடிச்சாலும் "ங்க" போட்டுத்தானுங்க புடிப்போம். அதனாலதான் அந்த போன் வந்தப்ப எனக்குக் கை நடுங்கிப் போச்சு. பக்கத்து வீட்டுக்காரங்களோட காம்பவுண்டுச் சுவர் தகராறு. அவங்க மனு கொடுத்திருக்காங்க. ஸ்டேஷன்ல இருந்து ஒருத்தர், "அந்தக் கெழவிய சாயங்காலம் கூட்டிட்டு வா" அப்படிங்கறார். எங்கம்மாவுக்கு 67 வயசு, முட்டி வலி.

என் சின்ன மாமனார் கோர்ட்டுல குமாஸ்தாவா இருந்தவர். அவர்தான் சொல்லிக் குடுத்தார். சாட்சின்னு விசாரிக்கறதா இருந்தா எழுத்துல கூப்பிடோணும். அதுலயும் பொம்பளைங்க, 60 தாண்டின ஆம்பளைங்க, 15க்குக் கீழ இருக்கற பசங்க, மாற்றுத்திறனாளிங்க, உடம்பு ரொம்ப முடியாதவங்க, இவங்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்கோணும். பழைய சட்டத்துல 160ஆவது பிரிவு. 2024 ஜூலை 1ல இருந்து வந்த புதுச் சட்டத்துல 179. பழசுல ஆம்பளைங்களுக்கு 65னு இருந்துச்சு, இப்ப 60.

நான் திருப்பிக் கூப்பிட்டு, "சார், அம்மாவால நடக்க முடியாதுங்க. எழுத்துல அனுப்புங்க, இல்லீன்னா வீட்டுக்கு வாங்க, காபி போட்டு வைக்கறோம்"னேன். பிரிவு நம்பரையே சொல்லல. தெரிஞ்சு வச்சிருந்ததால குரல் நடுங்காம இருந்துச்சு, அவ்வளவுதான். ரெண்டு நாள் கழிச்சு ஒரு ஏட்டையாவும் ஒரு பெண் காவலரும் வந்தாங்க. அம்மாவை "அம்மா"ன்னுதான் கூப்பிட்டாங்க. காபியும் குடிச்சாங்க.

அதுக்கப்புறம் நாங்க எதிர் மனு கொடுக்கப் போனப்பதான் பாடு. ரைட்டர் வாங்கி மேசை மேல போட்டுட்டு "பார்க்கலாம், போங்க"ன்னுட்டார். மனு வாங்கினதுக்குக் குடுக்கற சி.எஸ்.ஆர். ரசீது வாங்காம நகர மாட்டேன்னு பெஞ்சுலயே உக்காந்துட்டேன். ஒன்றரை மணி நேரம். "ங்க" போட்டே தட்டிக் கழிக்கறவங்களும் இருக்காங்க, அதையும் எழுதி வைக்கறேன். ரசீது நம்பர் இல்லீன்னா நீங்க மனு கொடுத்ததுக்கே சாட்சி கிடையாது.


சும்மா_ஒரு_கமெண்ட்

நான் தைரியசாலி இல்ல, முதல்லயே சொல்லிடறேன்.

எங்க ஊர் பைபாஸ்ல ஒரு வளைவு தாண்டினதும் மறைஞ்சு நின்னு வண்டி பிடிப்பாங்க. திடீர்னு பிரேக் போட்டு ரெண்டு பேர் விழுந்ததை நானே பார்த்தேன். "வளைவுல நிக்காதீங்க, லைட் இருக்கிற இடத்துல நில்லுங்க"ன்னு ஃபேஸ்புக்ல எழுதினேன். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, யார் பேரும் கிடையாது. மறுநாள் போன்: "ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போ."

போனேன். உட்காரச் சொல்லல. "ஐ.டி. ஆக்ட்ல போட்டா ஜாமீன் கிடைக்காது தெரியுமா?" அந்தத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல, நெட்ல எழுதினதுக்குக் கேஸ் போடற 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்லயே ரத்து பண்ணிடுச்சுன்னு எனக்கு அப்பவே தெரியும். 2012ல மும்பைப் பக்கம் பால்கர்ல ஒரு பொண்ணு பதிவு போட்டதுக்கும், இன்னொரு பொண்ணு அதுக்கு லைக் போட்டதுக்கும் கைது பண்ணினாங்களே, அங்கிருந்து கிளம்பின வழக்கு. ரத்தான பிறகும் அதே பிரிவுல கேஸ் போட்டுக்கிட்டே இருந்ததால 2022ல உச்ச நீதிமன்றம் மறுபடி எல்லா மாநிலத்துக்கும் உத்தரவு போட வேண்டி வந்துச்சு. எல்லாம் தெரியும். வாயில வரல. அங்க நிக்கும்போது எனக்கு சாத்தான்குளம்தான் ஞாபகம் வந்துச்சு. செல்போன் கடை வச்சிருந்த அப்பாவும் மகனும். ஊரடங்கு நேரத்துல கடை திறந்திருந்துச்சுன்னு கூட்டிட்டுப் போனவங்க உயிரோட திரும்பல.

அங்கேயே நின்னு பதிவை நீக்கிட்டேன். இன்னும் திரும்பப் போடல.


ஓய்வு_1143

நான் 1986ல ரெண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து 2022ல எஸ்.எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவன். திட்டுங்க, பரவாயில்லை, ஆனால் கொஞ்சம் கேளுங்க.

"எடுக்கலாம்" எங்க துறையில் எல்லோருக்கும் தெரிந்த உத்தி. எதிரில் நிற்பவர் யார் என்று தெரியாதபோது வரும். வக்கீலாக இருக்கலாம், ஆளுங்கட்சி ஆளுக்கு மச்சானாக இருக்கலாம். "நில்லு" என்றும் சொல்லாமல் "நில்லுங்க" என்றும் சொல்லாமல் "கொஞ்சம் நிக்கலாமே" என்போம். நீங்கள் "டா வேண்டாம் சார்" என்று சொன்னதும் அந்தப் பையனுக்கு நீங்கள் யாரோ ஒரு ஆளாகத் தெரிந்துவிட்டீர்கள். சட்டம் தெரிந்தவர் என்பதால் அல்ல, பயப்படவில்லை என்பதால்.

இந்த "டா" எங்கிருந்து வருகிறது? எனக்கு முதல் பத்து வருஷம் பெயரே கிடையாது. "டேய் 1143, இங்க வாடா." அதிகாரி வீட்டில் காய்கறி வாங்கியிருக்கிறேன், நாய் குளிப்பாட்டியிருக்கிறேன். வீட்டு வேலைக்குக் காவலரை வைக்கும் இந்த ஆர்டர்லி முறையை அரசு 1979லேயே ஒழித்தாயிற்று. 2022ல் சென்னை உயர் நீதிமன்றம் அதைப் பற்றி மறுபடி கேட்கும்படிதான் நிலைமை இருந்தது. வார விடுப்பு ஆணை 2021 நவம்பரில் வந்தபோது நான் ஓய்வுக்கு மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாறு மணி நேரம் நின்றவனிடம் தேன் ஒழுகாது. இது சமாதானம் இல்லை, நடப்பு.

சாத்தான்குளம் பற்றித் தம்பி சொன்னார். 2020 ஜூன் கடைசியில் டீக்கடையில் நாங்கள் தலை நிமிரவில்லை. எனக்கு அதில் மறக்காதது இன்னொன்று. விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டையே ஒரு காவலர் "டா" போட்டுப் பேசினார் என்று அவரே உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அறிக்கை அனுப்பினார். நீதிமன்றம் தானாக முன்வந்து அவமதிப்பு வழக்கு எடுத்தது, அந்த ஸ்டேஷனை வருவாய்த் துறையின் பொறுப்பில் விடச் சொன்னது. நீதிபதிக்கே அந்த வார்த்தை என்றால் பாருங்கள். அதே ஸ்டேஷனில் நடந்ததை நடந்தபடி மாஜிஸ்திரேட்டிடம் சொன்ன பெண் தலைமைக் காவலரும் எங்கள் துறைதான்.

பொது ஜனங்களுக்கு ஒரே விஷயம் சொல்வேன். பேச உரிமை உண்டு, எதிர்த்துக் கேட்கவும் உரிமை உண்டு. ஆனால் சட்டையில் கை வைத்தாலோ, பிடித்துத் தள்ளினாலோ அது வேறு கேஸ். அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தாக்கியது என்று எழுத எங்களுக்கு ஐந்து நிமிஷம் போதும். கை பின்னால் இருக்கட்டும், வாய் முன்னால் இருக்கட்டும்.

ஹீரோ ஹோண்டாக்காரரே, ஒன்று கேட்கலாமா? பங்க்கில் காற்று அடிக்கும் பையனை எப்படிக் கூப்பிடுவீர்கள்?


ஹீரோஹோண்டா_2004

"தம்பி"ன்னுதான் சார். ...அவசரத்துல "டேய் தம்பி". மாட்டிக்கிட்டேன்.


பொள்ளாச்சி_டு_பாலக்காடு

வேலைக்காக தினமும் எல்லை தாண்டுறவன். கேரளாவுல 2021ல உயர் நீதிமன்றம் போலீஸ் மக்களை "எடா", "எடி", "நீ"ன்னு கூப்பிடக் கூடாதுன்னு சொல்லி, டி.ஜி.பி. சுற்றறிக்கையும் விட்டார். உடனே எல்லாரும் மாறிட்டாங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா திருப்பிச் சொல்றதுக்குக் கையில ஒரு தாள் இருக்கு.

அதைவிட எனக்குப் பிடிச்சது அங்கத்திய போலீஸ் சட்டம், 2011ல வந்தது. பொது இடத்துல போலீஸ் செய்ற வேலையைச் சட்டப்படி யாரும் வீடியோ எடுத்தா அதைத் தடுக்கக் கூடாதுன்னு 33ஆவது பிரிவுல எழுதியே வச்சிருக்காங்க. பஸ் ஸ்டாண்டுல ஒரு லாட்டரிக்காரப் பெரியவரை அதட்டிக்கிட்டிருந்தாங்க, நான் போனைத் தூக்கினேன். ஒரு போலீஸ்காரர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், பெரியவர்கிட்ட குரலை இறக்கிட்டார். என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. இதையே நம்ம பக்கம் செஞ்சிருந்தா போனைப் பிடுங்கியிருப்பாங்களான்னு எல்லை தாண்டும்போது நினைச்சேன்.


வவுனியாப்_பிள்ளை

அண்ணாமாரே, இஞ்ச இலங்கையில பிரச்சினை வேற மாதிரி. ரெண்டு வருசத்துக்கு முதல் என்ர சைக்கிள் களவு போச்சு. பொலிஸில முறைப்பாடு குடுக்கப் போனன். நான் தமிழில சொல்ல, இன்னொரு ஆள் சிங்களத்தில சொல்ல, எழுதினவர் சிங்களத்தில எழுதினார். வாசிச்சுக் காட்டேல்லை. கையெழுத்து வைக்கச் சொன்னவை, வைச்சிட்டன். 1987இல் அரசியலமைப்பின்ர 13ஆவது திருத்தத்தோட தமிழும் அரசகரும மொழி. அது எனக்குப் பள்ளிக்கூடத்திலயே படிப்பிச்சது. அந்த மேசைக்கு முன்னால ஞாபகம் வரேல்லை.

போன வருசம் அம்மாவின்ர காணி அலுவலா வாக்குமூலம் குடுக்கப் போனம். இந்த முறை கையெழுத்து வைக்க மாட்டன், தமிழில எழுதுங்கோ எண்டு சொன்னன். தமிழ் தெரிஞ்ச உத்தியோகத்தர் வேற அலுவலா வெளிய போட்டார் எண்டவை. இருந்தம். மூண்டு மணித்தியாலம். அவர் வந்து எழுதி, வாசிச்சும் காட்டினார். அம்மா ரெண்டு இடத்தில திருத்தச் சொன்னா, திருத்தினார்.


ஹீரோஹோண்டா_2004

தங்கச்சி, அந்த முதல் தடவை உங்களை எப்படிக் கூப்பிட்டாங்க? "டா" மாதிரி ஏதாவது?


வவுனியாப்_பிள்ளை

இல்லை அண்ணா. "நங்கி" எண்டுதான், தங்கச்சி எண்டு அர்த்தம். கதிரை தந்து இருக்கச் சொன்னவை, தண்ணியும் தந்தவை. அந்தக் கடுதாசியில என்ன எழுதிக் கிடக்கெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது.