சொந்தப் பிள்ளையை விற்க வைக்கும் விதி: பிரிமியர் லீக் செலவுக் கட்டுப்பாடு யாருக்காக?

டைன்_செல்வம்
2024 ஜூன் கடைசி வாரம். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தேன். தே தாரிக் ஆறி ஏடு கட்டிவிட்டது. நான் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எங்கள் நியூகாசில் கிளப் எலியட் ஆண்டர்சனை நாட்டிங்ஹம் ஃபாரஸ்டுக்கு விற்கிறது என்று செய்தி. நியூகாசிலுக்குப் பக்கத்து ஊர்ப் பையன், எட்டு வயதில் கிளப்பின் இளையோர் பயிற்சிப் பள்ளியான அகாடமிக்கு வந்தவன். மூன்று ஆண்டு நட்டம் லீக் வைத்த வரம்பைத் தாண்டக் கூடாது, ஜூன் 30க்குள் கணக்கை நேர் செய்யாவிட்டால் புள்ளி பறிபோகும் என்ற பயத்தில் சுமார் 35 மில்லியன் பவுண்டுக்குக் கொடுத்தார்கள். எங்கள் சட்டையில் ஓர் ஆட்டம்கூட ஆடாத மின்டேவும் அதே நேரத்தில் பிரைட்டனுக்குப் போனார்.

இப்போது 2026-27 பருவத்திலிருந்து புதுக் கணக்கு வருகிறது. ஆட்டக்காரர்களின் சம்பளம், அவர்களை வாங்கும் டிரான்ஸ்ஃபர் செலவு, ஏஜண்டு கட்டணம் எல்லாம் சேர்த்து கிளப்பின் கால்பந்து வருமானத்தில் 85%க்குள் இருக்க வேண்டுமாம். நியாயம் போலத்தான் தெரியும். 2023-24இல் மான்செஸ்டர் சிட்டியின் வருமானம் 715 மில்லியன் பவுண்டு, எங்களுடையது 320. 85% என்றால் அவர்கள் 608 வரை செலவழிக்கலாம், நாங்கள் 272 வரை. ஒரே விதி, ஆனால் இடையே 336 மில்லியன் பள்ளம். அந்தப் பள்ளத்தை எந்தப் பயிற்றுநர் தாண்டுவார்? முன்னே ஏறியவர்கள் ஏணியை மேலே இழுத்துக்கொண்டார்கள் என்பதுதான் என் வாதம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஆன்ஃபீல்டு_மணி
செல்வம் அண்ணே, ஆண்டர்சன் விஷயத்தில் உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் விதி ஏன் வந்தது என்பதை விட்டுவிட்டீர்கள். 2011இல் மட்டும் ஐரோப்பாவின் முதல்நிலை கிளப்புகள் சேர்ந்து 1.7 பில்லியன் யூரோ நட்டம் காட்டின. ஐரோப்பிய கால்பந்துச் சங்கமான யூஃபாவின் தலைவராக இருந்த பிளாட்டினி நிதி நேர்மை விதியைக் கொண்டுவந்தது அந்தச் சூழலில்தான்.

நாம் வீவக (அரசு வீடமைப்புக் கழக) வீடு வாங்கும்போது என்ன நடக்கிறது? மாதத் தவணை மொத்த வருமானத்தில் 30%ஐத் தாண்டக் கூடாது. "என் மாமா பணக்காரர், அவர் பார்த்துக்கொள்வார்" என்று சொன்னால் கடன் கிடைக்குமா? கிடைக்காது. மாமாவுக்கு மனம் மாறினால் வீடு போகும், குடும்பம் தெருவுக்கு வரும். கிளப்புக்கும் அதே கணக்குதான்.

டைன்_செல்வம்
வீடு வாங்குவது போட்டி இல்லை தம்பி. நான் மூவறை வீடு வாங்கினால் பக்கத்து புளோக்கில் ஐந்தறை வீட்டுக்காரர் சனிக்கிழமைதோறும் என்னோடு மோதுவதில்லை. கால்பந்தில் வருமானம் எங்கிருந்து வருகிறது? மேல் இடத்தில் முடித்தால் தொலைக்காட்சிப் பணம், சாம்பியன்ஸ் லீக் பணம், பெரிய விளம்பர ஒப்பந்தம். மேல் இடம் எப்படி வரும்? நல்ல ஆட்டக்காரர்களால். அவர்களை வாங்க வருமானம் வேண்டும் என்கிறீர்கள். சுற்றிச் சுற்றி அதே இடம்.

1995இல் பிளாக்பர்ன் கோப்பை வென்றது ஜாக் வாக்கர் தன் சொந்தப் பணத்தைப் போட்டதால். இன்றைய விதி அன்று இருந்திருந்தால் அது நடந்தே இருக்காது.

நளினி_ஜூரோங்
நான் கணக்குத் துறையில் வேலை செய்கிறேன். ஆண்டர்சனை ஏன் விற்றார்கள் என்பதற்குக் கணக்கிலேயே விடை இருக்கிறது. அதைப் புரியவைத்துவிட்டால் விவாதம் தெளிவாகும்.

டிரான்ஸ்ஃபர் தொகையை நம் ஊர் சிஓஇ, அதாவது கார் வைத்திருக்க வாங்கும் உரிமம், போல நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் வெள்ளிக்கு சிஓஇ எடுத்தால் அது பத்து ஆண்டுக்கு. ஆண்டுக்குப் பத்தாயிரம் கரைகிறது. ஆட்டக்காரரும் அப்படித்தான்: கொடுத்த விலையை ஒப்பந்த ஆண்டுகளால் வகுத்து ஒவ்வோர் ஆண்டும் செலவாக எழுதுவார்கள். 2023 ஜனவரியில் செல்சி என்ஸோ ஃபெர்னாண்டஸை 106.8 மில்லியன் பவுண்டுக்கு வாங்கி எட்டரை ஆண்டு ஒப்பந்தம் போட்டது. ஆண்டுச் செலவு சுமார் 12.6 மில்லியன்தான். ஐந்து ஆண்டு என்றால் 21.4 ஆகியிருக்கும். இதைப் பார்த்த பிறகுதான் யூஃபாவும், 2023 டிசம்பரில் பிரிமியர் லீக்கும், ஐந்து ஆண்டுக்கு மேல் பரப்பக் கூடாது என்று வரம்பு வைத்தன.

விற்கும்போது என்ன ஆகும்? விற்ற விலையிலிருந்து இன்னும் கரையாமல் மிச்சமுள்ள தொகையைக் கழித்தால் வருவது லாபம். அகாடமிப் பையனுக்கு யாரும் விலை கொடுக்கவில்லை, கழிக்க எதுவும் இல்லை. 35 மில்லியனுக்கு விற்றால் கிட்டத்தட்ட முழுத் தொகையும் லாபம். அதனால் அவசரத்துக்கு முதலில் விற்கப்படுவது ஊர்ப் பையன்தான். மேசன் மவுண்ட், கானர் கல்லகர் எல்லாரும் செல்சியின் கணக்கில் அப்படிப்பட்டவர்கள்.

டைன்_செல்வம்
இதைத்தான் நான் சொல்ல வந்தேன், எனக்குக் கணக்கு மொழி வரவில்லை. நன்றி நளினி. ஒரு விதி சொந்தப் பிள்ளையை விற்றால் பாராட்டும், வெளியூர்க்காரனை வைத்துக்கொண்டால் கேள்வி கேட்காது என்றால் அந்த விதியில் பிழை இருக்கிறது.

ஆன்ஃபீல்டு_மணி
அந்தப் பிழையை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிழையைத் திருத்தலாம், விதியே வேண்டாம் என்பது வேறு பேச்சு. நியூகாசிலுக்குப் பின்னால் இருப்பது சவூதி அரசின் முதலீட்டு நிதி. 2021 அக்டோபரில் வாங்கினார்கள். ஜாக் வாக்கர் தன் ஊர் கிளப்பை நேசித்த ஒரு மனிதர். அரசாங்கக் கஜானாவோடு அவரை ஒப்பிட முடியுமா? விதி இல்லையென்றால் பிரென்ட்ஃபோர்டு, பிரைட்டன் போன்று புத்தியால் மேலே வந்த கிளப்புகள் எதை வைத்துப் போட்டி போடும்?

டைன்_செல்வம்
2025 மார்ச்சில் வெம்பிளியில் உங்கள் லிவர்பூலை 2-1 என்று வென்று லீக் கோப்பை எடுத்தோம். 1955க்குப் பிறகு உள்ளூரில் எங்களுக்கு முதல் பெரிய கோப்பை. அன்று கோல் போட்ட ஐசக், ஆறு மாதத்துக்குள் 125 மில்லியன் பவுண்டுக்கு உங்கள் கிளப்புக்குப் போனார். இங்கே அப்போது நடுநிசி தாண்டி இரண்டு மணி, நான் தூங்கவே இல்லை. அந்தக் கோடையில் 400 மில்லியனுக்கு மேல் செலவழித்த கிளப்பின் ரசிகர் எங்களுக்குச் சிக்கனம் சொல்வதைக் கேட்கக் கஷ்டமாக இருக்கிறது மணி.

ஆன்ஃபீல்டு_மணி
அண்ணே, ஐசக் போக விரும்பினார், விதி அவரைத் தள்ளவில்லை. நீங்களும் அந்தக் கோடையில் வோல்டமாடே, விஸ்ஸா என்று நூறு மில்லியனுக்கு மேல் செலவழித்தீர்கள். லிவர்பூலும் டயஸ், நூன்யஸ் போன்றவர்களை விற்று, பல ஆண்டு சேர்த்த வருமானத்திலிருந்து செலவழித்தது.

எனக்கு இது ஏட்டுப் பேச்சு இல்லை. 2010இல் ஹிக்ஸ், ஜில்லெட் என்ற இரண்டு அமெரிக்க முதலாளிகள் கிளப்பைக் கடனில் மூழ்கடித்திருந்தார்கள். அக்டோபரில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்கு. அப்போது நான் பாலிடெக்னிக் மாணவன். மறுநாள் பரீட்சையை வைத்துக்கொண்டு இரவு முழுக்கச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 300 மில்லியனுக்குக் கைமாறியதால் தப்பித்தோம். முதலாளி செய்யும் தவறுக்கு முதலில் அழிவது கிளப்தான் என்பதை அன்று பார்த்தேன்.

கூடிசன்_ரவி
மணி, 2010இல் உங்களை முடக்கியது டிரான்ஸ்ஃபர் செலவா? கிளப்பை வாங்க எடுத்த கடனை கிளப்பின் தலையிலேயே வைத்ததுதானே. 2005இல் கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கியதும் அதே வழியில்தான். இந்த நட்டக் கணக்கு விதி அந்த மாதிரிக் கடனைத் தடுக்கவே இல்லை. விதியை ஆதரிப்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

தண்டனை வாங்கிய கிளப்பின் ரசிகன் நான். மூன்று ஆண்டில் 105 மில்லியன் வரை நட்டம் அனுமதி. எவர்ட்டன் 124.5 என்று முடிவானது. 19.5 மில்லியன் அதிகம். 2023 நவம்பரில் 10 புள்ளி பறித்தார்கள், மேல்முறையீட்டில் 6 ஆனது, ஏப்ரலில் அடுத்த கணக்குக்கு இன்னும் 2. நடுப் பருவத்தில் புள்ளிப் பட்டியல் மூன்று முறை மாறியது. ஆட்டம் முடிந்த பிறகு விசில் ஊதுவது போல.

அதற்காக நாங்கள் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். 2016க்குப் பிறகு எங்கள் கிளப் திட்டமில்லாமல் வாங்கியது. ஒவ்வொரு பயிற்றுநரும் தனக்கு வேண்டியவர்களைக் கேட்டார், அவர் போனதும் வாங்கியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ரஷ்யப் பணக்காரர் உஸ்மானவின் நிறுவனங்களிலிருந்து வந்த விளம்பரப் பணம் 2022இல் ரஷ்யா மீதான தடைகளால் நின்றதும் எல்லாம் வெளியே வந்தது. ஒரு பணக்காரரை நம்பினால் இதுதான் நடக்கும் செல்வம். அவருடைய நாட்டில் என்ன நடக்கிறது என்பதுகூட உங்கள் அணியின் தலையெழுத்தை மாற்றும்.

இன்னொன்று. சிட்டி மீது 2023 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் வந்தன. சிட்டி எல்லாவற்றையும் மறுக்கிறது, அது அவர்கள் உரிமை. ஆனால் விசாரணை தொடங்கவே 2024 செப்டம்பர் ஆனது. எங்களுக்கோ சில மாதங்களிலேயே தீர்ப்பு. வக்கீல் வைக்கப் பணம் இருப்பவருக்கு விதி மெதுவாக நடக்கிறது.

ஜாலான்புசார்_காரன்
நம் ஊர்க் கதை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹோம் யுனைடெட் 2020இல் தனியார் கைக்குப் போய் லயன் சிட்டி செய்லர்ஸ் ஆனது. அடுத்த ஆண்டே டியேகோ லோப்பஸை நம் லீக் இதுவரை காணாத தொகைக்கு வாங்கினார்கள். அரங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் ஒருவர், "இவ்வளவு காசு இந்த லீக்குக்குத் தாங்குமா?" என்று கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

2025 மே மாதம் பீஷான் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் டூ இறுதி ஆட்டம். சிங்கப்பூர் கிளப் ஒன்று ஆசிய இறுதிக்குப் போனது அதுவே முதல் முறை. கடைசி நிமிடத்தில் செய்லர்ஸ் சமன் செய்தபோது என் மகன் என் தோளில் ஏறி நின்றான். அப்புறம் காய நேரத்திலேயே எதிரணி ஷார்ஜா இன்னொரு கோல் போட்டு 2-1 என்று வென்றது. தோற்றாலும் அந்த இரவு எங்களுக்குக் கிடைத்தது ஒருவர் பணம் போட்டதால்தான். செல்வம் சொல்வதில் இந்த உண்மை இருக்கிறது.

ஆனால் ஸ்பெயின் கிளப் வலென்சியாவையும் பாருங்கள். 2014இல் நம் ஊர்த் தொழிலதிபர் பீட்டர் லிம் வாங்கினார். 2019இல் கோப்பை வென்ற பயிற்றுநர் மார்செலினோ சில மாதங்களில் நீக்கப்பட்டார். 2020இல் ஃபெரான் டோரஸ் விற்கப்பட்டார், அணித்தலைவர் பரேஹோ விலையில்லாமலே வியாரியாலுக்குப் போனார். அங்குள்ள ரசிகர்கள் பல ஆண்டாகத் தெருவில் இறங்கி அவரைப் போகச் சொல்கிறார்கள். முதலாளி மனம் வைத்தால் பீஷான், மனம் விட்டால் வலென்சியா.

ஸ்பெயினில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அங்கே லீக்கை நடத்தும் லா லிகா சம்பள வரம்பை முன்கூட்டியே சொல்லிவிடும். மீறினால் ஆட்டக்காரரைப் பதிவு செய்யவே முடியாது. 2021 ஆகஸ்டில் மெஸ்ஸியையே பார்சலோனாவால் பதிய முடியவில்லை. ரவி பட்ட வேதனை அங்கே வராது.

நளினி_ஜூரோங்
இதுவரை கணக்கு மட்டும் சொன்னேன். இப்போது என் கருத்து.

போர்ட்ஸ்மத் 2008இல் எஃப்ஏ கோப்பை வென்றது. 2010 பிப்ரவரியில் பணமில்லாமல் திவால் நிர்வாகியின் கைக்குப் போனது, பிரிமியர் லீக்கில் அப்படி ஆன முதல் கிளப். அதன் கடன்காரர் பட்டியலில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் இருந்தது. அரங்கில் மயங்கி விழுபவரைத் தூக்கும் தொண்டு அமைப்பு. ஆட்டக்காரர்களுக்கும் மற்ற கிளப்புகளுக்கும் உள்ள பாக்கியை முழுதாகக் கொடுத்த பிறகுதான் இப்படிப்பட்டவர்களுக்கு மிச்சம்.

என் அப்பா மின்கம்பி வேலை எடுத்துச் செய்யும் சிறு நிறுவனம் வைத்திருந்தார். மேலே இருந்த ஒரு பெரிய ஒப்பந்தக்காரர் திவாலானபோது எட்டு மாத வேலைக்கான பணம் வரவில்லை. அப்பா ஒவ்வொரு ரசீதையும் தேதிவாரியாக அடுக்கி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். வெள்ளிக்குச் சில காசு கிடைத்தது. அதனால் "முதலாளி பணம், அவர் இஷ்டம்" என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த டின்தான் கண்ணில் நிற்கிறது. 1885இல் தொடங்கிய பெரி (Bury) கிளப்பை 2019இல் லீக்கிலிருந்தே நீக்கினார்கள். அங்கேயும் இப்படி டின்கள் இருந்திருக்கும்.

ஆனால் இப்போதைய விதி இதைப் பாதுகாக்கவில்லை என்பதும் உண்மை. செல்சி தன் இரண்டு ஹோட்டல்களைத் தன் சகோதர நிறுவனத்துக்கே 76.5 மில்லியனுக்கு விற்று லாபம் எழுதியது. பிரிமியர் லீக் ஏற்றுக்கொண்டது, யூஃபா அப்படிப்பட்ட வருமானத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2025இல் யூஃபா செல்சிக்கு 31 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. ஒரு கிளப்பின் ஒரே கணக்கு, இரண்டு அமைப்புக்கு இரண்டு விடை.

நெறியாளர்
கிளப் ரசிகர்களைத் தாக்கிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கருத்தோடு மோதுங்கள், ஆளோடு வேண்டாம்.

டைன்_செல்வம்
நளினி, உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்த பிறகு ஒரு நாள் எதுவும் எழுதவில்லை. "முதலாளி இஷ்டம்" என்பது என் வாதம் என்றால் அதைத் திருத்திக்கொள்கிறேன்.

நான் கேட்பது இதுதான். முதலாளி மூன்று ஆண்டுச் சம்பளத்துக்கும் டிரான்ஸ்ஃபர் தவணைக்கும் உரிய பணத்தை முன்கூட்டியே வங்கியில் கட்டிவிடட்டும். கடனாக இல்லை, திரும்ப எடுக்க முடியாத பணமாக. அவர் நாளையே போய்விட்டாலும் ஆம்புலன்ஸ்காரருக்கும் கம்பிக்காரருக்கும் பாக்கி நிற்காது. அப்படியும் வருமான வரம்பு வேண்டும் என்கிறீர்களா மணி?

ஆன்ஃபீல்டு_மணி
நேர்மையாகச் சொல்கிறேன் அண்ணே. கிளப் அழியாமல் இருக்க அது போதும். அந்தப் பாதியில் உங்களோடு நிற்கிறேன். முதலாளியின் கடனை கிளப் தலையில் வைப்பதைத் தடை செய்ய வேண்டும் என்று ரவி சொன்னதோடும் நிற்கிறேன்.

மறுபாதி எனக்குச் சரிப்படவில்லை. அரசு நிதி ஒன்று பத்து ஆண்டுப் பணத்தைக்கூட முன்கூட்டியே கட்டும். ஒரு நடுக்கள ஆட்டக்காரரின் விலை இருமடங்கானால் பிரென்ட்ஃபோர்டு எங்கே போகும்? சிட்டியின் 608க்கும் உங்கள் 272க்கும் இடையிலான பள்ளத்தைச் சொன்னீர்கள். உங்கள் வழியில் போனால் நியூகாசிலுக்கும் பிரென்ட்ஃபோர்டுக்கும் இடையில் அதைவிடப் பெரிய பள்ளம் வரும்.

கூடிசன்_ரவி
அப்படியென்றால் எல்லாருக்கும் ஒரே தொகையை வரம்பாக வைக்க வேண்டும். கடைசி இடத்து கிளப் தொலைக்காட்சிப் பணமாகப் பெறுவதைப் போல இத்தனை மடங்கு என்று. அந்த யோசனையை வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். சதவீத விதி மட்டும் நிறைவேறியது. பெரிய கிளப்புகளுக்கு எது வலிக்கும் என்பது அதிலேயே தெரிகிறது.

டைன்_செல்வம்
பிரென்ட்ஃபோர்டு கேள்விக்கு இன்று என்னிடம் பதில் இல்லை மணி. யோசித்துவிட்டு எழுதுகிறேன். ரவி சொன்ன ஒரே தொகை வரம்பு வந்தால் என் கையெழுத்து முதலில் இருக்கும், எங்கள் முதலாளிக்கும் அது கடிவாளம்தான் என்றாலும்.

ஒன்று மட்டும் உடனே மாற வேண்டும். அகாடமிப் பையனை விற்ற லாபத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. 2025 செப்டம்பரில் ஆண்டர்சன் இங்கிலாந்துக்கு முதல் ஆட்டம் ஆடினார். கீழே அதே கோப்பிக்கடையில்தான் பார்த்தேன். திரையில் அவர் பெயருக்குக் கீழே நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட் என்று இருந்தது.