கிளைசீன் முனைவுள்ளதா, முனைவற்றதா? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறதே

கேள்வி:
இரண்டு நாளாக இதிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறேன். புரதங்களில் வரும் 20 அமினோ அமிலங்களையும் வகை பிரித்து அட்டவணை போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு புத்தகம் கிளைசீனை முனைவற்ற (தண்ணீரோடு ஒட்டாத) வகையில் வைக்கிறது. இன்னொன்று, முனைவுள்ளது (தண்ணீரோடு ஒட்டுவது) ஆனால் மின்சுமை இல்லாதது என்கிறது. டைரோசினும் இப்படித்தான் இடம் மாறுகிறது. சிஸ்டீனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எதை நம்புவது?

பதில் 1:
பல வருடங்களாக உயிர்வேதியியல் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒருவர் இதைக் கேட்பார், கேட்பவரை எனக்கு உடனே பிடித்துப்போகும். அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டுப் பென்சிலை எடுங்கள். நடுவில் ஆல்பா கார்பன், அதற்கு நான்கு கைகள். ஒன்றில் அமினோ தொகுதி, ஒன்றில் கார்பாக்சில், ஒன்றில் ஹைட்ரஜன். அமினோவும் கார்பாக்சிலும் பெப்டைடு பிணைப்பில் கோத்துக்கொண்டு சங்கிலியாகிவிடும். வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது நான்காவது கை, அதாவது பக்கச்சங்கிலி. வகைப்பாடு முழுக்க அதைப் பற்றியதுதான்.

கிளைசீனுக்கு வரைந்து பாருங்கள். நான்காவது கையிலும் ஹைட்ரஜன்தான். தண்ணீரை விரும்பவோ விலக்கவோ அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. கைட், டூலிட்டில் என்ற ஆய்வாளர்கள் 1982-இல் வெளியிட்ட நீர்விலக்கு அளவுகோலில் (கூட்டல் என்றால் நீரை விலக்கும், கழித்தல் என்றால் விரும்பும்) ஐசோலூசினுக்கு +4.5, ஆர்ஜினினுக்கு −4.5, கிளைசீனுக்கு −0.4. ஏறக்குறைய நடுவில் நிற்பதை ஒருவர் இந்தப் பக்கம் தள்ளுகிறார், இன்னொருவர் அந்தப் பக்கம். இருவர் மீதும் தவறில்லை.

ஆனால் அந்தக் குட்டி ஹைட்ரஜன் செய்யும் வேலையைப் பாருங்கள். தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் புரதத்தில் மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போகின்றன. ஒவ்வொரு மூன்றாவது இடமும் முறுக்கின் உட்பக்கம் வந்து விழும். அங்கே வேறெந்தப் பக்கச்சங்கிலிக்கும் இடம் கிடையாது, கிளைசீன் மட்டும் நுழையும். எந்தப் பெட்டியில் போட்டாலும் இந்த உண்மை மாறாது.

டைரோசினும் அப்படியே. அதன் வளையம் தண்ணீரிலிருந்து ஒதுங்கப் பார்க்கும், நுனியில் இருக்கும் ஹைட்ராக்சில் தண்ணீரோடு கைகோக்கும். அந்த ஹைட்ராக்சிலை அழித்துவிட்டால் ஃபீனைல்அலனின்.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஹிஸ்டிடினையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புரோட்டானை ஏற்று நேர்மின்சுமை பெறும் கார வகையில் போட்டிருப்பார்கள். ஆனால் அதன் பக்கச்சங்கிலியின் பிகேஏ (பாதி மூலக்கூறுகள் புரோட்டானைப் பிடித்திருக்கும் பிஎச்) சுமார் 6. பிஎச் 7-இல் பெரும்பகுதி மின்சுமை இல்லாமல்தான் இருக்கும். புரோட்டானை வாங்கவும் தரவும் தோதான இடத்தில் நிற்பதால்தான் நொதிகளில் அடிக்கடி தென்படுகிறது. கைமோட்ரிப்சின் என்ற செரிமான நொதியில் 57-ஆவது இடத்தில் இருப்பது அதுதான்.

வகைப்பாடு வெறும் பேச்சு என்றும் நினைத்துவிடாதீர்கள். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 6-ஆவது இடத்தில் எதிர்மின்சுமை கொண்ட குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் நீரை விலக்கும் வாலின் வந்தால் அரிவாள் செல் நோய். வாலின் பக்கத்து மூலக்கூறின் பள்ளத்தில் போய் ஒட்டிக்கொள்ள, ஆக்சிஜனை விட்ட ஹீமோகுளோபின் நீளமான இழைகளாகிச் சிவப்பணுவையே வளைத்துவிடுகிறது.

கேட்டவர்:
நன்றி. உட்கார்ந்து எல்லாவற்றையும் வரைந்தேன். புரோலினில் பக்கச்சங்கிலி திரும்பிப்போய் நைட்ரஜனிலேயே ஒட்டிக்கொள்கிறது, சரிதானா? அப்புறம், தேர்வில் கிளைசீனை எங்கே எழுத?

பதில் 1:
மிகச் சரி. சங்கிலியில் கோத்த பிறகு அந்த நைட்ரஜனில் ஹைட்ரஜனே மிஞ்சாது. அதனால் ஆல்பா சுருளின் (ஹைட்ரஜன் பிணைப்புகள் தாங்கிப் பிடிக்கும் சங்கிலிச் சுருள்) நடுவில் புரோலின் வந்தால் அங்கே ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு குறையும், சுருள் மடங்கும். தேர்வுக்கு உங்கள் பாடத்திட்டப் புத்தகம் சொல்லும் வகையையே எழுதுங்கள். பக்கத்தில் ‘பக்கச்சங்கிலி ஒரே ஒரு ஹைட்ரஜன்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அடுத்து சிஸ்டீனை இரண்டு தடவை பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, இரண்டு கந்தகத்தையும் இணைத்துப் பாருங்கள்.