கோலியஸ் கலப்பு: 22 நாற்றும் சகதி நிறத்தில் வந்திருக்கு, எங்கே தப்பு?

மத்தூர் தொட்டிச்செடி
இலை நிறத்துக்காக வளர்க்கிற கோலியஸ் செடியில் புது ரகம் எடுக்கப் பார்க்கிறேன். தாய்ச்செடி கரும் மெரூன் இலை, ஓரத்தில் லேசான அலை மட்டும். தந்தை எலுமிச்சை மஞ்சள், இலை ஓரம் ஆழமா வெட்டுப்பட்டது. எனக்கு வேண்டியது வெட்டு ஓரத்தோட பளிச்சுனு சிவப்பு இலை.

டிசம்பர்ல தாய்ச்செடியில விரிஞ்சிருந்த பூக்கள்ல, தந்தையோட மகரந்தத்தைச் சின்ன தூரிகையால தடவினேன். ஜனவரி கடைசியில விதை எடுத்து, கோகோபீட்ல 60 விதை போட்டு கால் அங்குலம் மூடினேன். முளைச்சது 22. இப்போ நாலு ஜோடி இலை விட்டிருக்கு. ஒண்ணு விடாம எல்லாம் பச்சையும் பழுப்பும் கலந்த சகதி நிறம். 75 சதவீத நிழல்வலை, போர் தண்ணி, வாரம் ஒரு தடவை 19:19:19 உரம்.

இன்னொரு சந்தேகம். நடுவுல ரோஸ், ஓரம் பச்சைன்னு வேற ஒரு செடி இருக்கு. அதோட விதையில வந்த 15 நாற்றுல ஒண்ணுல கூட ரோஸ் இல்லை. மொத்தமா தூக்கிப் போட்டுட்டு மறுபடி ஆரம்பிக்கலாமா?

தளி நிழல்வலை
போடாதீங்க. இந்த 22-ல எத்தனை நிஜமான கலப்புன்னு முதல்ல பார்க்கணும்.

விரிஞ்ச பூவுல தடவினதுதான் பெரிய பிழை. கோலியஸ் பூவுல நாலு மகரந்தத் தாள் இருக்கு, அடியில ஒண்ணா ஒட்டி உறை மாதிரி சூல்தண்டைச் சுத்தி இருக்கும். (கோலியஸ்ங்கிற பேரே கிரேக்கத்துல உறைன்னு அர்த்தம் வர்ற சொல்லுல இருந்து வந்ததுதான்.) பூ வாய் திறக்கும்போதே மகரந்தம் உதிர ஆரம்பிச்சிடும். அப்புறம் நீங்க தடவினாலும், தேனீ வந்தாலும், செடியோட சொந்த மகரந்தமே முந்திக்க வாய்ப்பு அதிகம்.

சரியான முறை: மறுநாள் காலையில விரியப் போற மொட்டு கொஞ்சம் உப்பி நீலம் காட்டும். சாயங்காலம் அந்த மொட்டோட இதழ்க்குழலை இடுக்கியால பிடிச்சு நேரா முன்பக்கமா இழுங்க. மகரந்தத் தாள்கள் இதழோட ஒட்டியிருக்கறதால மொத்தமா கையோட வந்துடும், சூல்தண்டு மட்டும் நிக்கும். தனித்தனியா வெட்டிட்டு இருக்க வேண்டாம். பக்கவாட்டுல இழுத்தா சூல்தண்டும் முறிஞ்சுடும். அந்தக் கொத்துல ஏற்கெனவே விரிஞ்ச பூ, சின்ன மொட்டு எல்லாத்தையும் கிள்ளிட்டு, மெல்லிய வலைப்பை போட்டு கட்டுங்க. மறுநாள் காலையில சூலகமுடி (சூல்தண்டோட நுனி, மகரந்தத்தை ஏத்துக்கற இடம்) ரெண்டா பிரிஞ்சிருக்கும். தந்தைப் பூவை அப்படியே பறிச்சு மகரந்தப்பையை அதுல தொட்டு எடுங்க. தூரிகையில பழைய மகரந்தம் ஒட்டிக்கும், அது வேண்டாம். நூல்ல சீட்டு கட்டி தாய் × தந்தை, தேதி எழுதுங்க.

இப்போ ஒரு சோதனை. ஆழ வெட்டு ஓரம் ஓங்கு பண்பு, அதாவது பெற்றோர்ல ஒருத்தர்கிட்ட இருந்து வந்தாலே வெளியில தெரியும். உங்க தாய்க்கு அது கிடையாது. அதனால வெட்டு ஓரம் காட்டுற நாற்று எதுவோ, அது நிச்சயம் கலப்பு. நாலாவது ஜோடி இலையைப் பார்த்துச் சொல்லுங்க.

மத்தூர் தொட்டிச்செடி
பார்த்தேன் சார். 9 நாற்றுல நல்லா தெரியுது. 13-ல அம்மா மாதிரியே அலை ஓரம்.

தளி நிழல்வலை
அந்த 9-க்கு எண் போடுங்க. மீதி 13 பெரும்பாலும் தன் மகரந்தம்தான், விட்டுடலாம். தந்தைகிட்டயே வெட்டு ஓர மரபு முழுசா இல்லாம கலந்து இருந்தா அதுல ஒண்ணு ரெண்டு கலப்பும் இருக்கலாம், ஆனா அதை நிரூபிக்க வழியில்லை.

அடுத்த தடவை மஞ்சளைத் தாயா வைங்க. மெரூன் நிறம் ஓங்கு, மஞ்சள்ல அது இல்லை. மஞ்சள் தாயோட விதையில மெரூன் சாயல் வந்தா கலப்பு, வராதது பெரும்பாலும் தன் விதை. ரெண்டாவது ஜோடி இலையிலேயே பிரிச்சிடலாம். மெரூன் தாயா இருந்தா நிறத்தை வெச்சுக் கண்டுபிடிக்கவே முடியாது. வெட்டு ஓரம் இருந்ததால இந்தத் தடவை தப்பிச்சீங்க.

ஓசூர் நாற்றங்கால்
நிறத்துக்கு வர்றேன். சகதி நிறம் வந்தது தோல்வி இல்லைங்க, முதல் தலைமுறையில எதிர்பார்க்க வேண்டியதுதான். மேல் தோல்ல சிவப்பு நிறமி, அடியில பச்சையம். பச்சை கூடுதலா இருந்தா மேல விழுந்த சிவப்பு பழுப்பாத்தான் தெரியும். அதே சிவப்பு மஞ்சள் அடி மேல விழுந்தா பளிச்சுனு எரியும். ஆக நீங்க தேடுறது புது சிவப்பை இல்லை, பச்சை குறைஞ்ச அடியை.

இங்கதான் நிறைய பேர் தளர்ந்துடறாங்க. தோட்டத்துக் கோலியஸ்ல பொதுவா நாலு செட் குரோமோசோம், மொத்தம் 48. பள்ளியில படிச்ச, ஓங்கு மூணுக்கு ஒடுங்கு (மறைஞ்சு நிக்கிற பண்பு) ஒண்ணுங்கிற 3:1 விகிதம் இங்க வராது. சுத்தமான ஓங்கு செடியையும் சுத்தமான ஒடுங்கு செடியையும் சேர்த்து, வந்த கலப்பைத் தன் மகரந்தத்துல விட்டா, ஒடுங்கு பண்பு 36-க்கு 1 தான். ஒண்ணாவது வரும்னு 95 சதவீதம் நம்பணும்னா 107 நாற்று வளர்க்கணும். அதே கலப்பை மறுபடி மஞ்சளோட சேர்த்தா (இதுதான் பின்கலப்பு) 6-க்கு 1. 17 நாற்று போதும். தொட்டியில செய்யறவங்களுக்கு இந்த வித்தியாசம் பெரிசு. அதனால 9-ல வெட்டு ஆழமா, அடி வெளிறினதா இருக்கிற 3 செடியை எடுத்து மஞ்சள் தாயில பின்கலப்பு பண்ணுங்க. அடி நிறம் ஒரே ஒரு மரபணு வேலைன்னு நம்பிடாதீங்க, 100 நாற்றாவது வளர்த்துட்டு முடிவு பண்ணுங்க.

அதுக்கு முன்னால வெளிச்சத்தை மாத்துங்க. 75 சதவீத வலைக்குள்ள எந்தக் கோலியஸும் பச்சை கூட்டும். வாரா வாரம் 19:19:19 அதை இன்னும் ஏத்தும். 50 சதவீத வலைக்கு மாத்தி, உரத்தை லிட்டருக்கு 1 கிராம், 15 நாளுக்கு ஒரு தடவைன்னு குறைச்சு, 3 வாரம் கழிச்சு வர்ற புது இலையை வெச்சு நிறத்தை முடிவு பண்ணுங்க. பழைய இலையைப் பார்க்காதீங்க.

பாலக்கோடு விதைத்தட்டு
60-ல 22 முளைச்சதுக்கு காரணம் அந்தக் கால் அங்குலம். கோலியஸ் விதைக்கு வெளிச்சம் வேணும், மூடவே கூடாது. விதையைக் காய்ஞ்ச சன்ன மணலோட கலந்து, ஈரமான சலிச்ச கோகோபீட் மேல தூவி, உள்ளங்கையால லேசா அழுத்தினா போதும். பூவாளி வேண்டாம், புகை மாதிரி விழற தெளிப்பான். மேல கண்ணாடித்தாள், நேரடி வெயில் படாத இடம். 22-ல இருந்து 25 டிகிரி இருந்தா 10 முதல் 14 நாள்ல முளைக்கும். முளைச்சதும் தாளை எடுத்துடுங்க, விட்டா நாற்று அடித்தண்டு அழுகி சாயும். தட்டுக்கு மட்டும் மழைத்தண்ணி, நம்ம பக்கத்துப் போர் தண்ணியோட உப்பு மேல படிஞ்சு சின்ன நாற்றைச் சுட்டுடும்.

விதை எடுக்கறப்பவும் கவனம். ஒரு பூவுக்கு அதிகபட்சம் 4 விதை. புல்லிவட்டம் பழுப்பானதும் தானே கொட்டிடும், வலைப்பையை அவிழ்க்காம கொத்தோட வெட்டுங்க.

பென்னாகரம் மாடி
மூலிகைப் பயிரான மருந்துக்கூர்க்கனும் கோலியஸ் இனம்தானே? அதோட சேர்த்தா வறட்சி தாங்குமா?

ஓசூர் நாற்றங்கால்
இனம் ஒண்ணுதான், சிற்றினம் வேற. குரோமோசோம் எண்ணிக்கையே ஒத்துப்போகாது, விதை பிடிக்காது. நேரம் வீணாகும். கூர்க்கன் போட்ட வயல் மண்ணையும் தொட்டிக்கு எடுக்காதீங்க. வேர்முடிச்சு நூற்புழு அதுல நிறைய, கோலியஸையும் பிடிக்கும்.

தளி நிழல்வலை
ரோஸ் நடு செடி: எப்பவாவது முழுப் பச்சைச் சிம்பு விடுதா?

மத்தூர் தொட்டிச்செடி
ஆமா, மாசத்துக்கு ஒண்ணு வரும், கிள்ளிடுவேன்.

தளி நிழல்வலை
அப்போ அது அடுக்குக் கலவையா இருக்கணும். குருத்துல ஒரு அடுக்கு திசு ஒரு மரபு, இன்னொரு அடுக்கு வேற மரபு. மகரந்தமும் சூலும் பெரும்பாலும் அதுல ஒரே ஒரு அடுக்குல இருந்துதான் வரும், அதனால விதையில அந்த அமைப்பு இறங்காது. 15-ல பூஜ்ஜியம் வந்தது அதனாலதான். நுனித்துண்டு வெச்சுக் காப்பாத்துங்க, கலப்புக்கு எடுக்காதீங்க.

மத்தூர் தொட்டிச்செடி
புரிஞ்சது. அந்த 9 செடியை நவம்பர் வரை எப்படி வெச்சிருக்கறது? இப்பவே ரெண்டு மொட்டு விடுது.

தளி நிழல்வலை
பூங்கொத்தை விரல் நீளம் வரும்போதே கிள்ளுங்க, விட்டா இலை சிறுத்துடும். ஒவ்வொரு எண்ணுக்கும் 3 அங்குல நுனித்துண்டு ரெண்டு, கீழ்க்கணு இலையை எடுத்துட்டு மணலும் கோகோபீட்டும் பாதிக்குப் பாதி கலந்து நடுங்க. 10 நாள்ல வேர் விடும். ரெண்டு தொட்டியையும் வேற வேற இடத்துல வைங்க, மாவுப்பூச்சி ஒரு பக்கம் வந்தா இன்னொண்ணு மிஞ்சும். இப்பவே மொட்டு விடுற ரெண்டையும் குறிச்சு வைங்க, பகல் நீளும் மாசத்துல பூக்கறது விற்பனைக்கு ஆகாது. பின்கலப்புக்கு மீதி ஏழுல இருந்து எடுங்க. செப்டம்பர் கடைசியோட கிள்றதை நிறுத்துங்க, பகல் குறையக் குறைய தானா கொத்து விடும்.