பன்னிரண்டு காசுப் புதிர்: தராசு சாய்ந்த பிறகு என்ன செய்வது?

திருவாரூர் அத்தை:
12 காசில் ஒன்று போலி. கனமா லேசா தெரியாது. மூன்றே நிறுவை. நாலுக்கு நாலு வைத்து முள் நேராக நின்றால் மீதி நாலைப் பிடித்துவிடலாம். சாய்ந்தால் எட்டும் சந்தேகம். அண்ணன் மகள் விடை கேட்டு உயிரை எடுக்கிறாள்.

குடந்தை சீவல்கடை:
அக்கா, எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை விட்டுவிடாதீர்கள். இறங்கிய தட்டில் 1, 2, 3, 4. ஏறியதில் 5, 6, 7, 8 என்று வையுங்கள். அடுத்து 1, 2, 5 இடது. 3, 4, 6 வலது. இந்த இடமாற்றத்தில்தான் சூட்சுமமே.

இடது இறங்கினால் 1 அல்லது 2 கனம், இல்லையேல் 6 லேசு. 1-ஐயும் 2-ஐயும் நிறுங்கள். இறங்குவது போலி, சமமென்றால் 6. வலது இறங்கினால் இதே கதை 3, 4, 5-க்கு. நேராக நின்றால் 7, 8-ஐ நிறுங்கள், ஏறுவது போலி.

மன்னார்குடி:
ஆறுக்கு ஆறு ஏன் ஆகாது என்றால், சாய்ந்த பிறகும் 12 சாத்தியம் மிச்சம். இரண்டு நிறுவை 9-ஐத்தான் பிரிக்கும்.

திருவாரூர் அத்தை:
சரி, புரிந்தது. நிஜக் காசில் செய்துகாட்ட முடியுமா?

குடந்தை சீவல்கடை:
ஒரு ரூபாயில் பழையது 4.85 கிராம், 2011-இல் வந்தது 3.79. ஆனால் அளவே காட்டிக்கொடுத்துவிடும். சீவல் மடிக்கிற மாதிரி காகிதத்தில் பொட்டலமாக மடித்து, வாழைநாரால் கட்டிக் கொடுங்கள். தடவிப் பார்க்க மட்டும் விடாதீர்கள்.