இன்டெல் ஆட்டம் (Atom) மடிக்கணினியில் எஸ்டிஆர் (மென்பொருள்வழி ரேடியோ): 2.4 மெகா ஓடுமா, ஓடாதா?

பழையபெட்டி:
"ஐ5 செயலி இல்லாதவர்கள் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளை (யுஎஸ்பியில் செருகும் ரேடியோ ஏற்பி) வாங்கிப் பணத்தைக் கரியாக்க வேண்டாம்; ஆட்டம் என்270 மாதிரியான பெட்டிகளில் 2.4 மெகா சாம்பிள் ரேட் (நொடிக்கு 24 லட்சம் அலை மாதிரிகள்) ஓடவே ஓடாது" என்று குறும்பலை அவர்கள் நேற்றுப் புதியவர் ஒருவருக்கு அறிவுரை வழங்கியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 2008-இல் வெளிவந்த அந்த 1.6 கிகாஹெர்ட்ஸ் ஒற்றைக் கோர் செயலியில்தான் நான் இன்றும் பண்பலை கேட்கிறேன், விமானங்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏடிஎஸ்-பி சமிக்ஞைகளையும் பெறுகிறேன். டாங்கிளில் உள்ள ஆர்டிஎல்2832யு சில்லு 28.8 மெகாஹெர்ட்ஸில் மாதிரி எடுத்து, நாம் கேட்கும் வீதத்துக்குத் தானே குறைத்த பிறகே யுஎஸ்பி வழியாக அனுப்புகிறது. ஒரு பண்பலை நிலையத்துக்கு ஏறத்தாழ 200 கிலோஹெர்ட்ஸ் அகலம் போதும். எனவே சாம்பிள் ரேட்டை 250 கிலோவில் வைத்தால் மடிக்கணினியின் சுமை ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிவிடும். இதற்கு ஐ5 எதற்கு?

குறும்பலை:
2.4 மெகா ஓடாது என்று நான் எழுதினேன். 250 கிலோ ஓடும் என்று நீங்கள் பதில் சொல்கிறீர்கள். டாங்கிள் வெளியே தருவது 8 பிட் மாதிரிகள் மட்டுமே. 2.4 மெகாவில் வாங்கி மென்பொருளில் பத்து மடங்கு குறைத்தால், 8 பிட்டாக வெட்டுவதால் வரும் இரைச்சல் கொள்கையளவில் 10 டெசிபல் இறங்கும்; சில்லையே குறைக்கச் சொன்னால் அந்த ஆதாயம் கிடைக்காது. பக்கத்துத் தெரு நிலையத்தை மட்டும் கேட்பவருக்கு இது உறைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கம்பிவலை:
'ஓடுவது' என்றால் ஒலி கேட்பதா, வாட்டர்ஃபால் (அலைவரிசைகளை வண்ணங்களில் காட்டும் நகரும் படம்) தடங்கலின்றி நகர்வதா? அதை இருவரும் முதலில் தெளிவுபடுத்தினால் நன்றாக இருக்கும்.

பழையபெட்டி:
10 டெசிபல் கணக்கை எடுத்து வைக்கும் இதே நண்பர்தான், 137 மெகாஹெர்ட்ஸ் செயற்கைக்கோள்களுக்கான இருமுனை ஆன்டெனாவில் 53 செ.மீ. என்பது இரு கம்பிக் கைகளுக்கும் சேர்த்த நீளம் என்று சாதித்தவர். அது ஒரு கையின் நீளம் என்பதை இன்றுவரை அவர் திருத்தவில்லை. போகட்டும். ஏடிஎஸ்-பி சமிக்ஞைகளைப் படிக்கும் டம்ப்1090 மென்பொருள் நொடிக்கு 20 லட்சம் மாதிரிகளை வாங்குகிறது; அதில் குறைக்கவே இடமில்லை. அது 2012-இன் முதல் ராஸ்பெரி பையில், 700 மெகாஹெர்ட்ஸ் ஏஆர்எம் செயலியில் ஓடுகிறது. காரணம், ஒவ்வொரு மாதிரியின் வீச்சையும் புதிதாகக் கணக்கிடாமல், முன்பே தயாரித்து வைத்த அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எழுதியவர் யோசித்து எழுதியிருந்தால் பழைய செயலியும் போதும்.

குறும்பலை:
20 லட்சம் என்பது 2.0; நான் சொன்னது 2.4. ஆன்டெனா பற்றிய பேச்சு இங்கே எதற்கு என்பது உங்களுக்கே வெளிச்சம்.

வெண்புள்ளி:
செயலியைப் பற்றிய சண்டையாக இதை ஏன் நடத்துகிறீர்கள்? அந்தக் காலத்து நெட்புக்குகளில் இருந்த ஜிஎம்ஏ 950 வரைகலைச் சில்லு, ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலை இடைமுகத்தின் 1.4 பதிப்பைத் தாண்டாது. எஸ்டிஆர்++ மாதிரி ஓப்பன்ஜிஎல் கொண்டு திரையை வரையும் மென்பொருள் அங்கே திறப்பதே சந்தேகம். ஜிக்யூஆர்எக்ஸ் மென்பொருளில் எஃப்எஃப்டி (அலைவரிசைகளைப் பிரித்துக் காட்டும் கணக்கு) அளவைக் குறைத்து, படத்தை நொடிக்கு ஐந்து முறை மட்டும் புதுப்பிக்கச் சொன்னால் பாதிச் சிக்கல் தீரும்.

பழையபெட்டி:
வாட்டர்ஃபாலையே மூடிவிட்டால் முழுச் சிக்கலும் தீரும். வண்ணப் படம் பார்ப்பதற்காக ரேடியோ வாங்குகிறவர்களுக்கு நான் அறிவுரை சொல்லவில்லை. ஆர்டிஎல்_எஃப்எம் கட்டளையை இயக்கி, அதன் வெளியீட்டை ஒலியை இசைக்கும் ஏபிளேவுக்கு அனுப்புங்கள்; பண்பிரிப்பு (அலையிலிருந்து ஒலியைப் பிரிப்பது) முழுவதும் முழு எண் கணக்கிலேயே நடப்பதால் ஆட்டம் செயலிக்கு அது பெரிய சுமையே இல்லை.

குறும்பலை:
நன்றாக மாட்டிக்கொண்டீர்கள். ஆர்டிஎல்_எஃப்எம் அகலப் பண்பலைக்கு 170 கிலோ என்று சொல்லிக்கொண்டாலும், டாங்கிளிடம் அதை ஆறு மடங்காக்கி 10,20,000 மாதிரிகளைக் கேட்டுப் பிறகுதான் குறைக்கிறது. உங்கள் 250 கிலோ எங்கே போயிற்று?

பழையபெட்டி:
எனக்கு வேண்டிய சான்றை நீங்களே தந்துவிட்டீர்கள்: நான் அறிந்தோ அறியாமலோ என் பெட்டி நாள்தோறும் 1.02 மெகாவை அலட்டாமல் சமாளித்து வருகிறது. 2.4 மெகாவுக்கும் சொல்கிறேன், ஆர்டிஎல்_டெஸ்ட் கட்டளையை 24 லட்சத்தில் வைத்து விட்டுப் பார்த்தேன். ஒரு மாதிரியும் தொலையவில்லை.

குறும்பலை:
ஆர்டிஎல்_டெஸ்ட் மாதிரிகளை வாங்கிக் கீழே கொட்டுகிறது, அவ்வளவுதான். நொடிக்கு 4.8 மெகாபைட்டை வாங்குவது யுஎஸ்பி 2.0-இன் திறமை; அதை ஆட்டத்தின் கணக்கில் எழுதாதீர்கள். வடிகட்டி, பண்பிரித்து, ஒலியாக்கி 2.4-இல் காட்டுங்கள்.

பழையபெட்டி:
நெட்புக்கில், மாதிரிகளை வலையமைப்பு வழியே அனுப்பும் ஆர்டிஎல்_டிசிபியை இயக்கி, மாடியில் ஆன்டெனாவுக்கு அருகிலேயே வைத்துவிட்டு, கீழே உள்ள மேசைக் கணினியில் கேட்கலாமே. 2.4 மெகாதான், முழுதாக வரும்.

வெண்புள்ளி:
2.4 மெகா என்பது நொடிக்கு 38.4 மெகாபிட். பழைய வைஃபை ஜி-யில் அட்டையில் 54 என்று இருந்தாலும் கைக்கு வருவது அதில் பாதிகூட இராது. ஈத்தர்நெட் கம்பி இழுக்காமல் இதைப் புதியவருக்குச் சொல்லாதீர்கள்.

குறும்பலை:
அப்படியானால் ஓடுவது மேசைக் கணினி. அதில் ஐ5 இருக்கிறதா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பழையபெட்டி:
மேசைக் கணினியில் என்ன இருக்கிறது என்பது இங்கே பேசப்படும் பொருளே அன்று. ஐ5 இல்லாதவர் டாங்கிளே வாங்கக் கூடாது என்று எழுதினீர்களே, அந்த வரியை எப்போது நீக்கப் போகிறீர்கள்?

குறும்பலை:
2.4 மெகாவில், அதே நெட்புக்கில், ஒலியுடன் ஓட்டிக் காட்டும் நாளில்.

பழையபெட்டி:
53 செ.மீ. கதையை நீங்கள் முதலில் திருத்துங்கள். அதன் பிறகு 2.4 பற்றிப் பேசுவோம்.