இரண்டு பத்தியிலும் வரிகள் நேராக நிற்கவில்லை: என்டரா, அளவா, கட்டமா?

குடவாசல் உழவன்:
எங்கள் குழுவுக்குக் குறுவைச் செய்தி மடல் ஒன்றை வேர்டில் தயாரிக்கிறேன். ஏ4 தாள், செய்தித்தாள் போல அருகருகே இரண்டு பத்தி. 'மேட்டூர் திறப்பு', 'நாற்றங்கால்' என்று உபதலைப்பு வந்ததும் வலது பத்தி அரை வரி இறங்கிவிடுகிறது. என்ன செய்யலாம்?

வலங்கைமான் டிடிபி:
என்டர் தட்டி, அந்த வெற்று வரியின் எழுத்தளவை 4, 5 என்று குறைத்துக்கொண்டே வாங்க. ஒரு பக்க மடலுக்கு இது போதும்.

தஞ்சைத் தட்டச்சர்:
வேண்டாம் அண்ணே. ஜூன் 12 அன்று அணை திறப்பு தள்ளிப்போய் ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும், தட்டிய என்டர் எல்லாம் இடம் மாறி நிற்கும். கோளாறு வரி இடைவெளியில்தான் இருக்கிறது. 'சிங்கிள்' என்று வைத்தால் வரியின் உயரத்தை அதில் உள்ள எழுத்துரு முடிவு செய்யும். நெல் ரகப் பெயரை ஆங்கிலத்தில் அடித்த வரிக்கு வேறு எழுத்துரு, அதனால் வேறு உயரம். ஸ்டைலில் (பாராவின் வடிவமைப்பைச் சேமித்து வைக்கும் இடம்) போய் லைன் ஸ்பேசிங்கை 'எக்ஸாக்ட்லி' 16 பாயின்ட் ஆக்குங்கள். உபதலைப்புக்கு வரி 20, மேலே 8, கீழே 4. கூட்டினால் 32, சரியாக இரண்டு வரி. அப்புறம் கயிறு பிடித்து நட்ட நாற்று போல வரிகள் நிற்கும்.

மயிலாடுதுறை வாசகர்:
எனக்கு இதில் உடன்பாடில்லை. 'எக்ஸாக்ட்லி'யில் அளவு கொஞ்சம் குறைந்தாலும் கீ, மீயின் மேல்சுழி வெட்டுப்படும். தலைப்பின் அளவை மாற்றும்போதெல்லாம் கணக்கும் போட வேண்டும். வேர்டு போன்ற இன்னொரு மென்பொருளான லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் பக்க ஸ்டைலிலேயே பக்க வரி இடைவெளி வசதி இருக்கிறது. எந்தப் பாரா ஸ்டைலை அளவாகக் கொள்வது என்று காட்டினால், வரிகளை அதுவே சம இடைவெளிக் கட்டத்தில் உட்கார வைக்கும்.

தஞ்சைத் தட்டச்சர்:
கட்டத்தைவிட உயரமான தலைப்பு வந்தால் அது அடுத்த கட்டத்தையும் பிடித்துக்கொள்ளும், நடுவில் வெள்ளை விழும். சுழி வெட்டுப்பட்டால் 18 வையுங்கள், தலைப்பு மொத்தம் 36. ஒரு தடவை போடுகிற கணக்குதானே?

குடவாசல் உழவன்:
18 வைத்தேன், வரிகள் நேராகிவிட்டன. ஆனால் அடியில் இடது பத்தி ஒரு வரி குறைவாக முடிகிறது.

தஞ்சைத் தட்டச்சர்:
பாராவின் ஒற்றை வரி பத்தியின் உச்சியிலோ அடியிலோ தனியாக நிற்காமல் தடுக்கும் வசதிதான் காரணம்; பாராகிராஃப் பெட்டியில் 'விடோ, ஆர்ஃபன் கன்ட்ரோல்' டிக்கை எடுத்துவிடுங்கள். கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தியும் சமமாக முடிய, இறுதியில் 'கன்டினியூயஸ்' செக்‌ஷன் பிரேக் போடுங்கள்.

மயிலாடுதுறை வாசகர்:
செக்‌ஷன் பிரேக் சரி. ஆனால் அந்த டிக்கை எடுக்காதீர்கள். பாராவின் கடைசி வரி மட்டும் வலது பத்தியின் உச்சியில் தனியாக நின்றால் படிக்கிறவருக்கு இடறும். அதற்கு அடியில் ஒரு வரி குறைவது எவ்வளவோ மேல்.